ஊமைக்காயம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை வேளையில், அரசு மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் இளம் மருத்துவர் ஒருவர் விபத்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்ததை அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் பங்கைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். இடக் கண்ணைச் சுற்றிக் கருநீலம் படர்ந்திருந்தது. மேற்கையின் உட்புறத்தில், விரல்கள் பதிந்தாற்போல் நான்கு திட்டுகள் இருந்தன. விலாப்புறத்தில் மஞ்சளித்துப்போன பழைய தடம் ஒன்றும் உண்டென்று செவிலியர் சொன்னார். எங்கும் தோல் கிழியவில்லை. ஒரு சொட்டுக் குருதியும் வெளியே வரவில்லை. மருத்துவர் ஒவ்வொன்றையும் அளந்து அளந்து, ஒரே சொல்லை மீண்டும் மீண்டும் எழுதினார். என்ன சொல் என்று கேட்டேன். "எக்கிமோசிஸ், ஃபாதர். கன்றிப்போன இடம் என்று பொருள்" என்றார்.

"மாடிப்படியில தவறி விழுந்துட்டேன் சாமி" என்றார் அந்தப் பெண்மணி, நான் கேளாமலே. மருத்துவர் தலைநிமிரவில்லை. வெளியே வந்தபோது மட்டும் மெல்லச் சொன்னார்: "படியில் விழுபவர்களுக்கு மேற்கையின் உட்புறத்தில் விரல் தடம் விழுவதில்லை, ஃபாதர்."

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அதற்கான காரணத்தை இறுதியில் சொல்கிறேன். உறக்கம் வராத இரவுகளில் அகராதியைப் புரட்டுவது குருமடத்தில் பற்றிக்கொண்ட பழக்கம். பேராசிரியர்களின் கண்டிப்பால் கற்ற கிரேக்கமும் இலத்தீனும் கொஞ்சம் எஞ்சியிருக்கின்றன. மருத்துவர் எழுதிய அந்த ஒற்றைச் சொல்லை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது என்னை எங்கெங்கோ அழைத்துச் சென்று, கடைசியில் என் மனச்சான்றின் வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தியது.

வெளியே ஊற்றப்பட்டது

எக்கிமோசிஸ் என்பது கிரேக்கச் சொல். 'எக்' என்றால் வெளியே. 'க்யூமோஸ்' என்றால் சாறு. சாறு தன் இடத்தை விட்டு வெளியே கசிந்துவிட்ட நிலையே எக்கிமோசிஸ். 'க்யூமோஸ்' என்ற பெயர்ச்சொல்லோ 'கெயோ' என்ற வினையிலிருந்து பிறந்தது. கெயோ என்றால் ஊற்றுதல், சொரிதல். ஆகவே கன்றிப்போன தோலைப் பார்த்த கிரேக்க மருத்துவர், அடித்த கையையோ அடியின் வேகத்தையோ குறிப்பிடவில்லை. உள்ளே நிகழ்ந்ததையே குறிப்பிட்டார். ஊற்றப்படக்கூடாத ஒன்று ஊற்றப்பட்டுவிட்டது என்பதே அவர் சொன்னது.

மருத்துவத்தின் தந்தை என்று போற்றப்படும் இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் பழந்தொகுப்பில், எலும்பு முறிவைப் பற்றிப் பேசும் பகுதியில் இச்சொல்லின் வடிவம் வருகிறது. அதே தொகுப்பின் மருத்துவ முதுமொழிகளில், குருதி இயல்புக்கு மாறாக உடலின் உட்குழிக்குள் ஊற்றப்பட்டால் அது சீழாகியே தீரும் என்ற கருத்தும் உண்டு. அங்கும் அதே 'ஊற்றுதல்' வினைதான். உடம்பு என்பது பல சாறுகளின் சமநிலை என்று அவர்கள் நம்பினார்கள். ஒவ்வொரு சாறும் தன் இடத்தில் இருப்பதே நலம். இடம் மாறுவதே நோய்.

இச்சொல்லை ஆக்கியவர்களுக்குக் குருதி ஓட்டத்தைப் பற்றித் தெரியாது. இதயத்திலிருந்து புறப்படும் குருதி மீண்டும் இதயத்தையே வந்தடைகிறது என்று ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி நூல் எழுதி நிறுவியது 1628இல். கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களை இத்தாலியரான மார்செல்லோ மல்பீகி நுண்ணோக்கியில் கண்டு, தவளையின் நுரையீரலில் காட்டியது 1661இல். எக்கிமோசிஸ் என்ற சொல் ஆங்கில மருத்துவ நூல்களுக்குள் நுழைந்துவிட்டதோ 1540களில். அதாவது, எந்தக் குழாய் உடைகிறது என்று அறிவதற்கு முன்பே, ஏதோ ஒன்று உடைந்து உள்ளே கொட்டுகிறது என்பதை மனிதன் அறிந்து பெயரிட்டிருந்தான். கொள்கை மாறியது, நான்கு சாறுகளின் கதை பழங்கதை ஆயிற்று. சொல் மட்டும் பொய்க்கவில்லை.

இன்றைய மருத்துவம் அதன் பொருளைக் கூர்மைப்படுத்தியிருக்கிறது. தோலுக்கடியில் குருதி கசிந்து குண்டூசித் தலை போன்ற புள்ளிகளாகத் தோன்றினால் அதற்கு ஒரு பெயர். சற்றுப் பெரிதானால் வேறொரு பெயர். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பரந்து படர்ந்தால் எக்கிமோசிஸ். 'கண்ட்யூஷன்' என்று மருத்துவச் சான்றிதழ்களில் வரும் மற்றொரு சொல் இலத்தீனத்தைச் சார்ந்தது. இடித்தல், நையப்புடைத்தல் என்னும் வினையில் பிறந்தது. அது அடியைச் சொல்கிறது. எக்கிமோசிஸ் கசிவைச் சொல்கிறது. அடியே படாமலும் எக்கிமோசிஸ் தோன்றலாம். குருதி உறைவதில் குறையுள்ளவர்களுக்கும், முதுமையில் தோல் மெலிந்தவர்களுக்கும், சில மருந்துகளை உட்கொள்பவர்களுக்கும் சிறு உரசலிலேயே தோன்றிவிடும். ஆகவே எல்லாக் கன்றலும் ஒருவர் அடித்த அடி என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அடி பட்ட இடம் ஒன்று, நிறம் தோன்றும் இடம் மற்றொன்று என்பதும் உண்டு. வெளியே வந்த குருதி, நீர் பள்ளத்தை நாடுவதுபோல், தசைகளின் இடைவெளி வழியே இறங்கும். மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்தால் ஓரிரு நாளில் காதுக்குப் பின்னே கருநீலம் தோன்றும். ஆங்கில அறுவை மருத்துவர் வில்லியம் ஹென்றி பேட்டில் என்பவரின் பெயரால் இன்றும் அந்த அடையாளம் அழைக்கப்படுகிறது. கணையம் கடுமையாக அழற்சியுற்றால் சிலருக்கு இடுப்பின் பக்கவாட்டில் நீலம் படரும். இதை ஜார்ஜ் கிரே டர்னர் என்பவர் 1920இல் எழுதிவைத்தார். தோலின் மேல் காண்பது உள்ளே நடந்த பெரிய அழிவின் கடைசி அலையாக இருக்கலாம். மேலே தெரிவதை மட்டும் வைத்து 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்கு இவை சான்று.

நிறம் மாறுவதற்கும் காரணம் உண்டு. வெளியேறிய குருதியின் செம்பொருளை உடலின் துப்புரவு உயிரணுக்கள் விழுங்கிச் சிதைக்கின்றன. அது முதலில் பச்சை நிறப் பொருளாகவும், பிறகு மஞ்சள் நிறப் பொருளாகவும் மாறுகிறது. அதிலிருந்த இரும்பு பழுப்பு நிறமாகச் சிலகாலம் தங்குகிறது. நீலம், பச்சை, மஞ்சள், பழுப்பு என்று மாறி மாறி, இறுதியில் தோல் பழைய நிறத்துக்குத் திரும்புகிறது. மஞ்சளித்த தடமும் கருநீலத் தடமும் ஒரே உடலில் ஒருங்கே இருந்தால், அடி வெவ்வேறு நாள்களில் விழுந்ததோ என்ற ஐயம் எழுகிறது. ஆனால் நிறத்தை மட்டும் கொண்டு இத்தனையாம் நாள் அடி என்று உறுதியாகக் கணக்கிட இயலாது என்பதையும் மருத்துவர்கள் இன்று ஒத்துக்கொள்கிறார்கள்.

ஒரு வேரின் கிளைகள்

'ஊற்றுதல்' என்னும் அந்த வேர் கிரேக்கத்தோடு நிற்கவில்லை. பள்ளியில் தாவரவியல் படித்தவர்களுக்குப் 'பாரன்கைமா' என்ற சொல் நினைவிருக்கும். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த எராசிஸ்திராத்துஸ் என்ற மருத்துவர், ஈரல் போன்ற உறுப்புகளின் சதை குருதி ஊற்றப்பட்டு உறைந்ததால் ஆனது என்று கருதி, 'அருகில் ஊற்றப்பட்டது' என்ற பொருளில் அச்சொல்லை ஆக்கினார். இலத்தீனில் இதே வேர் 'ஃபுந்தேரே' என்றாகிறது. அதிலிருந்து வந்ததே குருதி ஏற்றுதலைக் குறிக்கும் 'டிரான்ஸ்ஃபியூஷன்' என்ற சொல். ஓர் உடலுக்குள் வீணே கொட்டிய குருதிக்கும், ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கு உயிர் காக்க ஊற்றப்படும் குருதிக்கும் சொல்லளவில் ஒரே தாய்.

வடமொழியில் இவ்வேர் 'ஹு' என்றாகி, வேள்வித் தீயில் நெய்யைச் சொரிதலைக் குறிக்கிறது. ஹோமம், ஆகுதி என்ற சொற்கள் அதன் வழிவந்தவை. பழந்தமிழ் நூல்களில் காணும் 'அவி' என்ற சொல்லையும் அறிஞர்கள் அதனோடு இணைப்பர். ஒருபுறம் அடிபட்ட தோலின் நீலம். மறுபுறம் பலிபீடத்தில் சொரியப்படும் காணிக்கை.

நம் திருப்பலியிலும் அந்த வேர் இருக்கிறது. இறுதி இராவுணவில் பலருக்காகச் சிந்தப்படும் தம் இரத்தத்தைப் பற்றி ஆண்டவர் கூறியதை நற்செய்தியாளர்கள் கிரேக்கத்தில் எழுதியபோது, 'எக்' என்ற முன்னொட்டும் 'கெயோ' என்ற வினையும் சேர்ந்த சொல்லையே பயன்படுத்தினார்கள். மருத்துவர் பதிவேட்டில் எழுதிய சொல்லும், நான் நாள்தோறும் கிண்ணத்தைக் கையிலேந்திச் சொல்லும் சொல்லும் உறவினர் என்பதை, இத்தனை ஆண்டு குருத்துவப் பணிக்குப் பிறகு அன்றிரவுதான் கண்டுகொண்டேன்.

தமிழ் சொல்லும் உண்மை

நம் மொழி இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறது? 'இரத்தக்கட்டு' என்கிறோம். குருதி ஓட வேண்டிய பொருள். அது கட்டுண்டு நின்றுவிட்டது என்பது கருத்து. மூசாம்பரத்தை முட்டை வெண்கருவில் குழைத்துப் பற்றுப் போட்ட பாட்டிமார்களுக்கு இச்சொல் நன்கு தெரியும். 'கன்றுதல்' என்கிறோம். இது ஆழமான சொல். வெயில் பட்டு முகம் கன்றும். கைபட்டுக் கைபட்டுக் காய் கன்றும். அடிபட்டு உடல் கன்றும். சினத்தாலும் மனம் கன்றும். வள்ளுவர் 284ஆம் குறளில், களவின்மேல் முற்றி வேரூன்றிவிட்ட ஆசைக்கு இவ்வினையையே ஆள்கிறார். வெளியே நிறமாகத் தெரிவதும் உள்ளே முற்றிப்போவதும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

இலத்தீனிலும் இத்தகைய வியப்பு உண்டு. 'லீவோர்' என்றால் நீலம் பாய்ந்த தழும்பு. அதே சொல்லுக்குப் பொறாமை என்றும் பொருள். உடல் கன்றுவதற்கும் உள்ளம் கன்றுவதற்கும் ஒரே சொல்லைத் தமிழனும் உரோமையனும் தனித்தனியே தேர்ந்துகொண்டார்கள்.

ஆயினும் எல்லாவற்றிலும் என் நெஞ்சைத் தொட்டது 'ஊமைக்காயம்' என்ற சொல்தான். வெட்டுக்காயம் வாய் திறந்து குருதி கொட்டும், ஊரைக் கூட்டும். இதற்கு வாய் இல்லை. உள்ளே கொட்டும், வெளியே பேசாது. மருத்துவ உண்மையும் மனித உண்மையும் இவ்வளவு நெருங்கி நிற்கும் சொல் வேறு மொழிகளில் உண்டோ, அறியேன்.

மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முடியும் என்று நம்பி உழைத்த அமெரிக்க மறைபரப்பு மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீனை இவ்விடத்தில் நன்றியோடு நினைக்கவேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, உள்ளூர் இளைஞர்களுக்குத் தமிழில் மருத்துவம் பயிற்றுவித்தவர் அவர். உடற்கூற்றியல், அறுவை மருத்துவம், வேதியியல் நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களைத் தொகுத்தார். நோயாளிக்கு விளங்கும் சொல்லில் மருத்துவம் பேசப்பட வேண்டும் என்பது அவர் கொள்கை. அன்று அந்தக் கட்டிலில் கிடந்த பெண்மணிக்குத் தன் உடம்பைப் பற்றிப் பதிவேட்டில் எழுதப்பட்ட சொல் இன்னதென்று தெரியாது. அவருடைய சொல்லோ எவர் பதிவேட்டிலும் இல்லை.

மறைநூலில் ஒரு சொல்

திருவிவிலியத்தில் இக்காயத்துக்கு ஒரு சொல் இருக்கிறது. எபிரேயத்தில் 'ஹப்பூரா'. தோலின் மேல் தோன்றும் கன்றிய தடத்தை, அடித் தழும்பை அது குறிக்கும். சிறுத்தையின் மேலுள்ள புள்ளிகளுக்கு எரேமியா இறைவாக்கினர் ஆளும் சொல் இதனோடு ஒலியில் நெருங்கியது. அகராதியாளர் சிலர் இரண்டையும் சேர்த்தே நோக்குவர். கிரேக்கத்தில் எழுபதின்மர் இதை 'மோலோப்ஸ்' என்று பெயர்த்தனர். புனித எரோணிமுஸ் இலத்தீனில் 'லீவோர்' என்றார்.

இச்சொல்லைப் பின்தொடர்ந்தால் ஒரு வரலாறு புலப்படும். முதன்முதலாக அது வருவது தொடக்கநூலின் 4ஆம் அதிகாரத்தில், காயின் வழிவந்த இலாமேக்கின் வாயில். தன்னைக் கன்றச் செய்த ஓர் இளைஞனைக் கொன்றுவிட்டதாகத் தன் மனைவியர் இருவரிடமும் அவன் பெருமை பேசுகிறான். காயினுக்கு ஏழு மடங்கு பழியென்றால் தனக்கு எழுபத்தேழு மடங்கு என்கிறான். ஒரு கன்றலுக்கு ஓர் உயிர்! அதைக் கேட்டு நிற்பவர்கள் அவன் வீட்டுப் பெண்கள் என்பதையும் கவனிக்க.

அடுத்து விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரம். அங்கே சட்டம் அளவு வகுக்கிறது: கன்றலுக்கு ஈடு கன்றல் மட்டுமே, அதற்குமேல் செல்லாதே. இன்று நமக்கு இது கடுமையாகத் தோன்றும். இலாமேக்கின் எழுபத்தேழோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய தடுப்பு என்பது விளங்கும். இச்சட்டத்தை மேலும் ஆராய்ந்த யூத அறிஞர்கள், ஓய்வுநாளில் தடுக்கப்பட்ட செயல்களைப் பட்டியலிடுகையில் ஒன்றைத் தெளிவாக்கினார்கள்: குருதி தோலைத் தாண்டி வெளியே வராவிட்டாலும், உள்ளே திரண்டு நின்றாலே அது காயப்படுத்துதல்தான். தல்மூதில் இடம்பெற்ற இக்கருத்தைப் படித்தபோது, நம் 'ஊமைக்காயம்' நினைவுக்கு வந்தது. வெளியே வராத குருதிக்கும் கணக்கு உண்டு.

பிறகு எசாயா. முதல் அதிகாரத்தில் இறைவாக்கினர் தம் நாட்டையே அடிபட்ட ஓர் உடலாகக் காண்கிறார். அடி முதல் முடி வரை காயமும் கன்றலும். பிதுக்கிக் கட்டவும் இல்லை, எண்ணெய் தடவவும் இல்லை என்று வருந்துகிறார். 53ஆம் அதிகாரத்தில் அதே சொல் இறைவனின் துன்புறும் ஊழியனின் உடலில் வந்து தங்குகிறது. அவருடைய கன்றலால் நாம் நலமடைகிறோம் என்பது அங்கே செய்தி. நம் தமிழ் மொழிபெயர்ப்புகளில், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'காயங்கள்' என்கிறது. பிரிந்த சபையினரின் பழைய மொழிபெயர்ப்பு 'தழும்புகள்' என்கிறது. இரண்டும் நல்ல சொற்களே. ஆனால் எபிரேயமும் கிரேக்கமும் இலத்தீனமும் அவ்விடத்தில் ஒருமையைத்தான் வைத்திருக்கின்றன. எண்ணிக்கையில் பல அல்ல. உடல் முழுதும் ஒரே கன்றல்.

இலாமேக்கிடம் கொலைக்குக் காரணமான சொல், மோசேயின் சட்டத்தில் அளவுகோலாகி, எசாயாவிடம் மருந்தாகிறது. பழிவாங்கல், நீதி, குணமளிப்பு: மீட்பின் வரலாற்றை இந்த ஒரு சொல்லை வைத்தே எழுதிவிடலாம் போலிருக்கிறது.

புதிய ஏற்பாட்டில் 'மோலோப்ஸ்' ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது: திருத்தூதர் பேதுருவின் முதல் திருமுகம், 2ஆம் அதிகாரம், 24ஆம் வசனம். அங்கே பேதுரு யாரிடம் பேசுகிறார்? வீட்டு அடிமைகளிடம். கொடிய தலைவர்களின் குத்தையும் அடியையும் நாள்தோறும் தாங்கியவர்களிடம். அவர்களுக்கு இச்சொல்லை யாரும் விளக்கத் தேவையில்லை. அவர்கள் முதுகிலேயே அது இருந்தது. உங்கள் உடலில் உள்ளது உங்கள் ஆண்டவர் உடலிலும் இருந்தது என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. உலகம் எவர்களைப் பொருளாக எண்ணியதோ, அவர்களின் அருகில் கடவுள் தம் கன்றிய உடலோடு வந்து அமர்கிறார்.

ஆனால் இவ்வசனத்தை நாம் எப்படிப் பயன்படுத்தியிருக்கிறோம்? அடிபட்டவரின் அருகில் அமர்வதற்கா, அடிபட்டவரை அடிக்கும் கையிடமே திருப்பி அனுப்புவதற்கா?

ஊமைச் சாட்சிகள்

மருத்துவ உலகமும் இப்பாடத்தை மெதுவாகத்தான் கற்றது. 1860இல் பாரிசின் சட்ட மருத்துவப் பேராசிரியர் அம்புருவாஸ் தார்தியூ, குழந்தைகள் மீது நிகழ்த்தப்படும் கொடுமைகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். 32 குழந்தைகளின் நிலையை அதில் விவரித்தார். அவர்களில் 18 பேர் இறந்துபோனவர்கள். கன்றல்களின் இடத்தையும் வடிவையும் பல நிலைகளையும் அவர் பொறுமையாகப் பதிவு செய்தார். பெற்றோரே இப்படிச் செய்வார்களா என்று உலகம் நம்ப மறுத்தது; ஆய்வு மறக்கப்பட்டது. 1946இல் அமெரிக்கரான ஜான் காஃபி, மண்டைக்குள் குருதிக்கசிவு உள்ள குழந்தைகள் 6 பேரின் எக்ஸ்ரே படங்களில் விளக்கமற்ற எலும்பு முறிவுகளைக் கண்டு எழுதினார். 1962இல் ஹென்றி கெம்ப்பும் அவருடைய துணைவர்களும் 'அடிக்கப்பட்ட குழந்தை' என்று வெளிப்படையாகப் பெயரிட்ட பிறகே மருத்துவ உலகம் விழித்தது. தார்தியூவின் ஆய்வுக்கும் அதற்கும் இடையே 102 ஆண்டுகள்! தோலில் எழுதப்பட்டிருந்தது அன்றும் இன்றும் ஒன்றே. படிக்கத்தான் மனம் வரவில்லை.

நம் நாட்டுச் சட்டத்திலும் கன்றலின் இடம் எளியதே. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் கொடுங்காயத்தை 8 வகையாகப் பிரித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டமும் 8 வகையே சொல்கிறது. எலும்பு முறிவு, பல் உடைதல், கண் இழப்பு ஆகியன அதில் உண்டு. வெறும் கன்றல் பெரும்பாலும் சாதாரணக் காயமே. நாள்தோறும் விழும் சாதாரணக் காயங்கள் சேர்ந்து ஒரு வாழ்வை என்ன செய்யும் என்பதைக் காயத்தின் வகைப்பட்டியல் காட்டாது. அக்குறையை உணர்ந்தே 2005இல் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் இயற்றப்பட்டு, 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. உடல் வதை மட்டுமன்றி, சொல்லாலும் மனத்தாலும் பொருளாலும் செய்யும் கொடுமையையும் அது வன்முறை என்றே சொல்கிறது.

நான் சொன்ன சொல்

இனி, அன்றிரவு எனக்கு உறக்கம் வராததன் காரணம். அந்தப் பெண்மணியின் இசைவோடுதான் எழுதுகிறேன். ஊரும் பேரும் வேண்டாம்.

மருத்துவமனை நிகழ்ச்சிக்கு ஈராண்டுகளுக்கு முன், அவர் பங்கு அலுவலகத்துக்கு வந்திருந்தார். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு அன்று; பேசுவதற்காக வந்தார். சேலை முந்தானையைத் தோளில் இழுத்து இழுத்து மூடிக்கொண்டே பேசினார். "கோவத்துல கைய நீட்டிடுறாரு சாமி" என்றார். நான் என்ன செய்தேன்? ஆண்டவரின் பாடுகளைச் சிந்திக்கச் சொன்னேன். பொறுமையாயிருந்தால் அவர் மனம் திரும்பும் என்றேன். பேதுருவின் அந்த வசனத்தையே எடுத்துச் சொன்னேன். அடுத்த அதிகாரம் மனைவியரைப் பற்றித் தொடங்குவதையும் நினைவூட்டினேன். அவர் தலையாட்டினார், கையெடுத்துக் கும்பிட்டார், போய்விட்டார். ஒரு குடும்பத்தைக் காத்துவிட்டதாக நான் நிறைவடைந்தேன். முந்தானைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை.

கற்ற கிரேக்கம் அன்று எனக்கு உதவவில்லை. திருச்சபையின் சட்டத்தையாவது நான் நினைவுகூர்ந்திருக்கலாம். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1153ஆம் சட்டம், துணைவரின் ஆன்மாவுக்கோ உடலுக்கோ பெருங்கேடு விளைவிப்பவரை விட்டு விலகியிருக்க மற்றவருக்கு நியாயமான காரணம் உண்டு என்கிறது. திருமணப் பிணைப்பு அதனால் அறுந்துவிடுவதில்லை. ஆனால் அடி வாங்கிக்கொண்டே ஒரே கூரையின்கீழ் இருந்தாக வேண்டும் என்று திருச்சபை எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' என்ற திருத்தூது ஊக்கவுரை, வலுவற்றவரையும் குழந்தைகளையும் காப்பதற்காகப் பிரிந்து வாழ்தல் சில வேளைகளில் அறநெறிப்படி தேவையாகவே ஆகலாம் என்று தெளிவாக்கியிருக்கிறது. முதலாவது நான் குருமடத்தில் படித்தது. ஆனால் படித்தது வேறு, கண் முன்னே நிற்பவரைப் படிப்பது வேறு.

இறையியலில் மனத்துயரைக் குறிக்கும் 'கொன்ட்ரீசியோ' என்ற சொல் உண்டு. நம் முன்னோர் 'உத்தம மனஸ்தாபம்' என்று பெயர்த்தார்கள். அச்சொல்லின் அடிப்பொருள் நொறுங்குதல், அரைபடுதல். பாவம் செய்தவரின் இதயம் நொறுங்க வேண்டும் என்பது அதன் கருத்து. அடித்தவரின் இதயம் நொறுங்க வேண்டிய இடத்தில், அடிபட்டவரின் உடல் நொறுங்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அன்று நொறுங்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

ஆண்டவரின் கன்றிய உடல், கன்றச் செய்தலைப் புனிதமாக்கவில்லை. அது தீமையின் முகத்திரையைக் கிழித்தது. உயிர்த்த ஆண்டவர் தம் காயங்களை மூடி மறைக்கவில்லை; சீடர்களை அழைத்துக் காட்டினார். ஊமைக்காயத்துக்கு வாய் கொடுத்தவர் அவர்.

மேலே ஊற்றுவோர்

அந்தப் பெண்மணி இன்று தம் தாய் வீட்டில் பிள்ளைகளோடு வாழ்கிறார். தையல் வேலை செய்கிறார். மருத்துவர் அன்று பொறுமையாக அளந்து எழுதிய பக்கம் நீதிமன்றத்தில் அவருக்குத் துணை நின்றது. 'படியில் விழுந்தேன்' என்று அவர் நாவு சொன்னபோது, அவர் தோல் சொன்ன உண்மையை ஒருவர் கேட்டு எழுதிவைத்தார். பங்கில் இப்போது இரண்டு பெண்கள் இதற்கெனப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணும், மாவட்டப் பாதுகாப்பு அலுவலரின் முகவரியும் அலுவலக வாசலில் எழுதி ஒட்டப்பட்டுள்ளன. யாராவது 'விழுந்துட்டேன் சாமி' என்று சொன்னால், எந்தப் படியில் என்று கேட்கப் பழகியிருக்கிறேன்.

ஊற்றுதல் என்னும் வேருக்கு இன்னொரு கிளை உண்டு. அதைச் சொல்லி முடிக்கிறேன். எரிகோ செல்லும் வழியில் அடிபட்டுக் கிடந்தவரை நாம் அறிவோம். குரு ஒருவர் அவரைக் கண்டு விலகிச் சென்றதையும் அறிவோம். சமாரியர் வந்து, காயங்களில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்தார். மருத்துவர் என்று மரபு போற்றும் புனித லூக்கா அவ்விடத்தில் எழுதிய சொல் 'எபிகெயோ'. 'கெயோ' என்றால் ஊற்றுதல்; 'எபி' என்றால் மேலே.

எக்கிமோசிஸ், உள்ளே வீணாகக் கொட்டியது. எபிகெயோ, அதன்மேல் இரக்கத்தோடு வார்ப்பது. வினை ஒன்றே, முன்னொட்டு மட்டுமே வேறு. அடிபட்டவரின் பக்கத்தில் நின்றால்தான் அந்த முன்னொட்டை மாற்ற முடியும். அந்தக் கதையில் விலகிப்போனவர் ஒரு குரு என்பதை நான் இப்போது மறப்பதில்லை.